திரைக்குப் பின்னால் ஓர் இடம்

நிழல் என்றால் நமக்கு அவ்வளவு மதிப்பில்லை. வெயிலில் நடக்கும்போது மட்டும் அதைத் தேடுகிறோம். மற்ற நேரங்களில் "நிழலை நம்பாதே" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுகிறோம். ஆயின் ஒரு வெள்ளை வேட்டியும், ஒரு விளக்கும், பதப்படுத்திய ஒரு துண்டுத் தோலும் இருந்தால் அந்த நிழலே பேசும், அழும், ஆடும், அரசாளும் என்பதை நம் முன்னோர் கண்டறிந்தனர். அதுவே தோற்பாவைக் கூத்து.

நம் பள்ளியில் சில ஆண்டுகளாகக் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் 5 நாள் நிழற்பாவைப் பட்டறை நடந்து வருவதை மாணவியர் அறிவர். 8, 9ஆம் வகுப்புகளிலிருந்து 24 பேர் இதில் சேருகின்றனர். இப்போது ஒரு கருத்து எழுந்துள்ளது. "5 நாள் எதற்கு? ஒரு நாள் போதாதா? பாவை செய்யும் போட்டி ஒன்றை வைத்து, நல்லனவற்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு விழா மேடையில் 10 நிமிட நிகழ்ச்சியாகக் காட்டிவிட்டால் பெற்றோரும் மகிழ்வர், பள்ளிக்கும் நற்பெயர்" என்கின்றனர் சிலர். இப்படிச் சொல்வோர் அனைவரும் பள்ளியின் நலம் நாடுவோரே. அவர்களில் என் நெருங்கிய தோழியரும் உண்டு. எனினும் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஏன் என்பதை ஆண்டு மலரின் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் போட்டி என்னும் இந்த யோசனை புதியதன்று. முதல் ஆண்டில் நானே அப்படித்தான் செய்தேன். கறுப்பு அட்டை வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் திரைப்பட விளம்பரங்களைப் பார்த்து வரைந்து வெட்டினர். வசனத்தையும் பாட்டையும் முன்னதாகவே பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டோம். திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு வேலை, அட்டையைத் தூக்கிப் பிடிப்பது ஒன்றே. அரங்கில் கைதட்டல் பலமாக இருந்தது. எனக்கும் பொன்னாடை கிடைத்தது. மறுநாள் காலையில் அரங்கத்தைப் பெருக்க வந்த அம்மா குப்பைக் கூடையைக் காட்டி, "டீச்சர், இதெல்லாம் வேணுமா?" என்று கேட்டார். முந்திய இரவில் ஆடிய பாவைகள் அத்தனையும் அதில் கிடந்தன. செய்த பிள்ளைகளுள் ஒருத்திகூடத் தன் பாவையைத் தேடி வரவில்லை. வெட்டி ஒட்டியதற்கு மேல் அவர்களுக்கும் அந்தப் பாவைகளுக்கும் உறவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

அதே விழாவுக்கு நம் மாவட்டத்துக் கூத்துக் கலைஞர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். எழுபது வயதைக் கடந்தவர். மேடையில் அமர வைத்தோம், சால்வை போர்த்தினோம், தேநீர் கொடுத்தோம். விடைபெறும்போது அவர் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "பிள்ளைகளுக்கு ஆட்டத் தெரியுமா டீச்சர்?" நான் விழித்தேன். "பாவ செஞ்சிருக்காவ, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுகூட ஆடலியே!" என்றார். அவர் குறை சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தந்தான் மறு ஆண்டு 5 நாள் பட்டறையாக மாறியது.

நம் மாவட்டமான கன்னியாகுமரி இக்கலையின் தாயகங்களுள் ஒன்று. மதுரைப் பக்கத்திலும் கலைஞர் இருந்தனர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இக்கலையைப் பேணி வந்தன. தஞ்சையை மராத்திய அரசர் ஆண்ட காலத்தோடு இவர்கள் வருகையைத் தொடர்புபடுத்துவர் ஆய்வாளர். வீட்டில் மராத்தி, கூத்தில் தமிழ். இராமாயணக் கதையைப் பத்து இரவுகள் தொடர்ந்து நடத்துவதுண்டு. நல்லதங்காள் கதையும் அரிச்சந்திரன் கதையும் உண்டு. இடையிடையே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரு கோமாளிகள் தோன்றி ஊர் நடப்பைக் கிண்டல் செய்வர். திரைக்குப் பின்னால் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி, அரசன் குரலும் அரசி குரலும் குரங்கின் குரலும் தாமே பேசிவிடுவார். குடும்பத்தார் பாவை எடுத்துக் கொடுத்தும் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா வாசித்தும் துணை நிற்பர். இன்று இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. வயிறு நிறைய வேண்டுமல்லவா? ஆயின் எஞ்சியிருக்கும் ஒரு சிலரிடம் பத்து நிமிடப் பேச்சும் ஒரு புகைப்படமும் பெற்றுக்கொண்டு அனுப்பிவிடுவது நமக்கு அழகாகுமா?

ஆகவே பெரியவரை மறுபடியும் அழைத்தோம். இம்முறை விருந்தினராக அன்று, ஆசிரியராக. பிள்ளைகள் அவரை "தாத்தா" என்றனர். அவர் எல்லாரையும் "மக்களே" என்றார். ஓவிய ஆசிரியையாகிய நான் அவருக்கு உதவியாள். அவரிடம் நானும் மாணவியாக இருந்து கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 நாள் ஏன் வேண்டும் என்பதை இதுவே விளக்கிவிடும்.

முதல் நாள் ஒருவர் கையிலும் கத்தரிக்கோல் கிடையாது. வேட்டியை இறுக்கிக் கட்டி, பின்னால் விளக்கை வைத்து, வெறுங்கையால் நிழல் பார்ப்பதே அன்றைய வேலை. குழல் விளக்கில் ஏன் நிழல் சரியாக விழவில்லை? ஒளி ஒரே இடத்திலிருந்து வராமல் நீளமான குழல் முழுவதிலிருந்தும் வருவதால். பால் நிறக் கண்ணாடி இல்லாத சிறிய பல்பு ஏன் நல்லது? ஒளி ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால். கை திரையை ஒட்டி இருந்தால் நிழல் கையளவாய்த் தெளிவாக விழும். விளக்கை நோக்கிப் பின்னே வர வர நிழல் பெருத்து, ஓரம் கலங்கிக் கரையும். அறிவியல் பாடத்தில் படம் போட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இதைத் தம் கையால் கண்டு கூவியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கு, ஆட்டுவோரின் தலைக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையேல் அவர்கள் நிழலே திரையில் விழும். திரையின் மேல்விளிம்பு பார்வையாளர் பக்கம் சற்றே சாய்ந்திருந்தால் பாவை தானாகத் திரையில் படிந்து நிற்கும். இவையெல்லாம் பெரியவர் சொல்லித் தந்தவை.

இரண்டாம் நாள் வெட்டுதல். கூத்தில் வெள்ளாட்டுத் தோலைப் பயன்படுத்துவர். தோலை ஊற வைத்து, மயிரை வழித்து, முளையடித்து இழுத்துக் கட்டிக் காய வைத்தால் அது ஒளி ஊடுருவும் தகடு போலாகும். அதில் உருவம் வரைந்து, சிற்றுளியால் துளைகள் இட்டு, சாயம் ஏற்றுவர். அதனால்தான் நம் பாவைகளின் நிழல் கறுப்பாக இல்லாமல் சிவப்பும் பச்சையுமாக ஒளிர்கிறது. பள்ளியில் தோல் பதப்படுத்த இயலாது. பழைய நாட்காட்டி அட்டையும் திருமண அழைப்பிதழ் அட்டையும் எங்களுக்குத் தோலாயின. நிறம் வேண்டிய இடங்களில் துளையிட்டு, வண்ணக் கண்ணாடித் தாளைப் பின்பக்கம் ஒட்டினோம். வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தடவினால் அதுவும் ஒளியை விடும். (எண்ணெய்த் தாளை விளக்கின் அருகில் கொண்டு போகக் கூடாது. சூடேறாத எல்.இ.டி. பல்பையே பயன்படுத்தினோம்.) பெரியவர் சொன்ன ஒரு சொல்லைப் பிள்ளைகள் அனைவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்: "மக்களே, வரைஞ்சது தெரியாது, வெட்டினதுதான் தெரியும்." ஆம், எவ்வளவு அழகாகக் கண் வரைந்தாலும் திரையில் அது இருட்டே. வெட்டி எடுத்த வெற்றிடந்தான் கண்ணாகிறது.

மூன்றாம் நாள் மூட்டுகள். தோள், முழங்கை, இடுப்பு ஆகிய இடங்களில் நூல் கோத்து முடிச்சிட வேண்டும். முடிச்சு இறுகினால் கை ஆடாது, தளர்ந்தால் தொங்கிவிடும். பிளந்த மூங்கில் குச்சியை நடுவில் கவ்வக் கொடுத்துக் கட்டினால் பாவை நிமிர்ந்து நிற்கும். நான்காம் நாள் குரலும் கதையும். ஐந்தாம் நாள் ஆட்டம். அதுவும் ஆண்டு விழா மேடையில் அன்று. விடுதியில் தங்கியிருக்கும் 6ஆம் வகுப்புச் சிறுமியரும், அருகில் வசிக்கும் சில தாய்மாரும், நம் சகோதரிகளும் பாயில் அமர்ந்து பார்ப்பர். அவ்வளவே கூட்டம்.

இனி என் கருத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன்.

எல்லாப் போட்டிகளிலும் முதற்பரிசு பெறும் மாணவி ஒருத்தி அவ்வாண்டு பட்டறையில் சேர்ந்தாள். பேச்சு, நடனம், மாறுவேடம் எதுவானாலும் மேடையின் நடுவில் அவள் இருப்பாள். முதல் நாளே அவள் என்னிடம் வந்து, "டீச்சர், எங்க அம்மா பார்க்க வருவாங்க. திரைக்குப் பின்னாடி எது நான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கள்ளமில்லாத கேள்விதான். ஆனால் நம் பள்ளிகள் அனைத்தும் அவளுக்குக் கற்றுத் தந்த பாடம் அந்தக் கேள்வியில் இருந்தது. செய்வது எதுவானாலும் செய்தவள் முகம் தெரிய வேண்டும். இன்று கையில் கைபேசி வந்த பிறகு இப்பாடம் வீட்டிலும் நடக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை தன் முகத்தைத் தானே படம் எடுத்துப் பார்க்கிறாள் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்!

பெரியவர் அவளுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? பாவை எடுத்துக் கொடுப்பது. பாவைகளை வரிசையாக அடுக்கி, கதை நகர நகர அடுத்து வேண்டியதை இருட்டில் தடவி எடுத்து, முகம் சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, ஆட்டுபவள் கையில் தர வேண்டும். ஒரு பாவை மாறினால் அரசன் பேச வேண்டிய இடத்தில் கழுதை வந்து நிற்கும். அப்படியே ஒரு முறை வந்தும் விட்டது. முகம் வாடி, "எனக்கு இது வேண்டாம்" என்று இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனவள், மூன்றாம் நாள் வந்து பாவைகளுக்கு எண் போட்டாள். ஐந்தாம் நாள் அவள் தாய் முன்வரிசைப் பாயில் அமர்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும், "நீ எங்கேடி இருந்தே? உன் குரலையே காணோமே!" என்றார். அவள் சொன்ன பதில்: "ஒரு பாவைகூட மாறலைம்மா." அந்தப் பதிலில் இருந்த பெருமிதத்தை அவள் வாங்கிய எந்தக் கோப்பையின் முன்னும் நான் கண்டதில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. அதைச் சொல்வதற்கு எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. எனினும் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது.

நான்காம் நாள் ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த கதையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றோம். ஒரு குழு நல்ல சமாரியர் உவமையை எடுத்தது. ஒரு குழு, குரங்கும் முதலையும் நட்புக் கொண்ட கதையை. ஒரு குழு, பேருந்துக்குக் காத்திருக்கும் பாட்டியின் கதையைத் தாமே கட்டினர். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் ஆறு பேர் கொண்ட நான்காவது குழு மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்தது. பின்னர் ஒருத்தி எழுந்து, "ஒக்கி சொல்லலாமா டீச்சர்?" என்றாள்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நம் கடலில் வீசிய ஒக்கிப் புயலை இம்மாவட்டத்தில் யார் மறப்பர்? கடலுக்குச் சென்றிருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை. அப்போது இப்பிள்ளைகள் மிகச் சிறியவர்கள். அந்த ஆறு பேருள் ஒருத்தியின் வீட்டில் ஒரு புகைப்படத்தின் முன் இன்றும் விளக்கு எரிகிறது. நான் பதறினேன். வேறு கதை எடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தாமே சென்று தாயாரிடம் பேசிவிட்டு வந்து, "அந்த அம்மா சரி என்றார்; பிள்ளைகள் சொல்ல விரும்பினால் நாம் தடுக்க வேண்டாம்" என்றார்.

மறுநாள் அவர்கள் ஆடிய ஆட்டத்தில் வசனமே இல்லை எனலாம். கரையில் ஒரு தாய்ப் பாவை, ஒரு குழந்தைப் பாவை. கடலில் ஒரு வள்ளம். நீலக் கண்ணாடித் தாளால் அலை. குழந்தை கையசைக்கிறது. வள்ளம் போகிறது. காற்றின் ஓசையை நால்வர் வாயால் எழுப்பினர். அப்போது வள்ளத்தைப் பிடித்திருந்தவள் அதைத் திரையிலிருந்து எடுத்து, மெல்ல மெல்ல விளக்கை நோக்கிப் பின்னே கொண்டுபோனாள். வள்ளத்தின் நிழல் பெருத்தது. திரை முழுவதும் நிறைந்தது. ஓரங்கள் கலங்கின. பிறகு அது வள்ளமாகவே இல்லாமல் வெறும் இருளாகிக் கரைந்தது. கரையில் அந்தச் சிறு பாவை மட்டும் கையை உயர்த்தியபடியே நின்றது. அதை அசைத்தவள் யார் என்று பாயில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

கைதட்டல் எழவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு சகோதரி செபம் ஒன்றைத் தொடங்கினார், அனைவரும் சேர்ந்துகொண்டனர். அந்தப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது அழுதிருக்கவில்லை. பசிக்கிறது என்றாள்.

முதல் நாள் வெறும் ஒளி விதியாகக் கற்றதை ஐந்தாம் நாள் அப்பிள்ளைகள் துயரத்தைச் சொல்லும் மொழியாக்கினர். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. முகம் தெரியும் மேடையில், ஒலிபெருக்கியின் முன், நடுவர் மூவர் பார்த்திருக்க, மதிப்பெண் தாளில் "பாவனை 10, குரல் 10" என்று கட்டம் போட்டிருக்க, அந்த ஆட்டம் நடந்திருக்குமா? எந்தக் குழந்தையும் அதைச் செய்யத் துணியாது; துணியச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை. திரை இருந்தது. அதன் பின்னால் யாருக்கும் தெரியாமல் நிற்க ஓர் இடம் இருந்தது. அதனால் நடந்தது.

இதுவே நான் சொல்ல வந்தது. நிழற்பாவைப் பட்டறையின் பயன் திரைக்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. அதை முன்னால் இழுத்துக் காட்சிப் பொருளாக்கினால் அட்டை மிஞ்சும், பட்டறை போய்விடும். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில், உள்ளத்தில் நாணமில்லாதார் நடமாட்டத்தை, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையின் உயிர்ப்போலிக்கு ஒப்பிட்டார். பதிவு செய்த குரலுக்கு அட்டை தூக்கிய என் முதலாண்டுப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் அக்குறள் என் நினைவுக்கு வருகிறது. அங்கே உயிர்ப்போலியாக நின்றது பாவை மட்டுமன்று.

மறுப்புகள் சிலவற்றுக்கும் விடை கூற வேண்டும்.

"படிப்புக் கெடும்" என்பர். விடுமுறையில் நடக்கிறது, 10ஆம் வகுப்பினரைச் சேர்ப்பதில்லை. மேலும் ஒளியியல், அளவியல், தமிழ் உரைநடை ஆகிய மூன்றையும் பிள்ளைகள் இங்கே வற்புறுத்தலின்றிக் கற்கின்றனர்.

"இராமாயணக் கலைக்குக் கத்தோலிக்கப் பள்ளியில் என்ன இடம்?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நேர்மையான கேள்வி. அவருக்கு இரண்டு செய்திகளைச் சொன்னேன். ஜாவாத் தீவில் வயாங் என்னும் நிழற்பாவைக் கலை பெருமை மிக்கது. இராமாயண பாரதக் கதைகளே அதன் உயிர். அங்கே சுரகர்த்தா நகரில் 1960ஆம் ஆண்டு, திமோத்தேயுஸ் என்னும் கத்தோலிக்கத் துறவறச் சகோதரர் அதே கலையில் விவிலியக் கதைகளைச் சொல்லும் முறையைத் தொடங்கினார். அதற்கு ‘வயாங் வஹ்யூ’ என்று பெயர். தம் மக்களின் கலையை விட்டுவிடாமலே அவர் தம் விசுவாசத்தைச் சொன்னார். இரண்டாவது செய்தி, நம் பக்கத்து நாட்டுச் செய்தி. கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தில் இன்றும் பாடப்படுவது நம் கம்பன் பாட்டு. மலையாள மண்ணில், தமிழ்ச் செய்யுளில், தேங்காய் மூடிகளில் ஏற்றிய 21 விளக்குகளின் ஒளியில் அக்கூத்து நடக்கிறது. மொழி எல்லையைத் தாண்டிய கலை சமய எல்லையில் நின்றுவிடுமா? நம் தாத்தாவும் நல்ல சமாரியர் குழுவினருக்கு, கழுதை நொண்டி நடப்பதை எப்படி ஆட்டுவது என்று அரை மணி நேரம் மகிழ்ந்து சொல்லிக் கொடுத்தார்.

"இது ஆண்கள் தொழிலாயிற்றே" என்றார் இன்னொருவர். திரைக்குப் பின்னால் ஆர்மோனியம் வாசித்த பெண்களும், பாவை எடுத்துக் கொடுத்த பெண்களும் இல்லாமல் எந்தக் கூத்து நடந்தது? கேரளத்துக் கூத்தில் பெண்களுக்கு இடமே இல்லாதிருந்தது. அங்கும் பத்மஸ்ரீ விருது பெற்ற இராமச்சந்திர புலவரின் மகள் ரஜிதா முன்னின்று, பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்றை 2021ஆம் ஆண்டில் மேடையேற்றினார். பெண்கள் பள்ளியாகிய நாம் பின்தங்கலாமா?

"செலவு" என்பது கடைசி மறுப்பு. அட்டையும் நூலும் மூங்கிலும் பெரிய செலவில்லை. உண்மையான செலவு ஒன்றே. கலைஞருக்கு 5 நாள் ஊதியம். அதைக் குறைத்துவிட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்று எண்ணுவோமானால், அது மரியாதையன்று, சிக்கனம். பொன்னாடையை அவர் பெட்டியில் மடித்து வைக்கலாம். அரிசி வாங்க இயலாது. கணிதம் கற்பிப்பவருக்கு ஊதியம் தருகிறோம். கலை கற்பிப்பவருக்கு மட்டும் ஏன் கைதட்டல்?

ஆகவே சகோதரிகளிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் என் வேண்டுகோள் இது. பட்டறை 5 நாளாகவே இருக்கட்டும். கலைஞரே ஆசிரியராக இருக்கட்டும். பரிசு வேண்டாம், நடுவர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். பதிவு செய்த குரல் வேண்டவே வேண்டாம். ஆண்டு விழாவில் நடனமும் நாடகமும் இருக்கின்றன. முகம் காட்ட அங்கே இடம் நிறைய உண்டு. ஆண்டில் ஐந்து நாளாவது முகம் காட்டாமல் பேச நம் பெண்களுக்கு ஓர் இடம் கொடுப்போம்.

மாணவியரே, உங்களுக்கும் ஒன்று. நூலகத்தின் பின்னறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. முதலாண்டுப் பாவைகள் குப்பைக்குப் போயின என்று சொன்னேன். அதன் பின் செய்யப்பட்டவை அனைத்தும் அந்தப் பெட்டியில் உள்ளன. பள்ளியை விட்டுச் சென்ற அக்காமார் சிலர் வந்து, தம் பாவையைத் தேடி எடுத்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துச் செல்கின்றனர். அந்த வள்ளமும் உள்ளே இருக்கிறது. அதன் மூட்டு நூல் சற்றே தளர்ந்துவிட்டது. வரும் காலாண்டு விடுமுறையில் யாரேனும் வந்து அதைச் சரிசெய்ய வேண்டும்.

— ஓவிய ஆசிரியை